மாடி மாடியாய்ப் பறவைகள்



மலை ஏறியவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே போகப் போகக் குளிரும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். குளிர் கூடினால் மரம் மாறும். மரம் மாறினால் பூச்சியும் பழமும் மாறும். பறவையும் மாறும்.

இமயமலை ஒரு பெரிய மாடி வீடு மாதிரி. அடிவாரக் காட்டில் இருவாச்சி பழம் தின்னும். நடு மலையில் பூச்சி தின்னும் சிறு பறவைகள் கூட்டமாகத் திரியும். அதற்கும் மேலே, பல வண்ணக் கோழி போன்ற மோனால் அலகால் மண்ணைக் கிளறும். மரமே இல்லாத உயரத்தில் பனிக் கவுதாரி வாழும்.

எந்த மாடியில் கூட்டம் அதிகம்? வெதுவெதுப்பான அடிவாரத்தில் என்றுதான் தோன்றும். கிழக்கு இமயத்தில் அப்படி இல்லை. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில்தான் பாடும் பறவைகளில் மிக அதிக வகைகள் கூடு கட்டுகின்றன. ஏன்?

ஒரு காரணம், முசுறு எறும்பு. மாமரம் ஏறுபவரைக் கடிக்குமே, அதே எறும்புதான். அடிவார மரங்களில் அது புழு பூச்சிகளைத் தின்றுவிடுகிறது. ஆய்வாளர்கள் சில மரங்களில் முசுறை அகற்றிப் பார்த்தார்கள். அங்கே புழு பூச்சிகள் பெருகின. உயரத்தில், குளிரில், முசுறு இல்லை. பறவைக்கு இரை மிச்சம்.

இப்போது பூமி சூடாகி வருகிறது. பறவைகள் குளிரைத் தேடி மேலே நகர்கின்றன. ஆனால் மலை மேலே போகப் போகக் குறுகும். உச்சிக்கு மேல் ஏது மாடி?

மரத்தை வெட்டினால் துன்பம் இன்னும் கூடும். வெட்டிய காட்டில் வெயில் புகும். ஈரம் காயும். அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் 2011 முதல் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, பறக்க விடுகிறார்கள். வெட்டிய காட்டில் பல பறவைகள் எடை குறைந்தன. பிழைப்பவையும் குறைந்தன. வெட்டாத காட்டில் நிலைமை மேல்.

அந்தக் காட்டை ஒட்டி சிங்சுங் என்ற ஊர் உள்ளது. அங்கே புகுன் இன மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள ஒரு புதிய பறவையை 2006-ல் ரமணா ஆத்ரேயா என்ற அறிஞர் உலகுக்கு அறிவித்தார். அதற்குப் புகுன் மக்களின் பெயரையே வைத்தார். 2017-ல் அம்மக்களின் காட்டில் 17 சதுர கிலோமீட்டர் சமுதாயக் காப்பகம் ஆனது. ஊர் இளைஞர்களே அதற்குக் காவல்.

மாடி வீட்டில் நடுப்படி உடைந்தால் மேலே ஏற முடியுமா? பறவைக்குக் காடுதான் படி. அடிவாரம் முதல் உச்சி வரை அது அறுபடாமல் இருக்க வேண்டும். அதைத்தான் சிங்சுங் மக்கள் காத்து வருகிறார்கள்.