மசோதா குழுவுக்குப் போகட்டும்



மக்களவையில் எழும் கூச்சலைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அதே உறுப்பினர்கள் கேமரா நுழையாத குழு அறையில் உட்கார்ந்து ஒரு மசோதாவை வரிவரியாகப் படிப்பது நம் கண்ணில் படுவதில்லை. அங்கே கொறடா உத்தரவு கிடையாது. அதிகாரிகளை வரவழைத்துக் கேட்கிறார்கள். பொதுமக்கள் அனுப்பும் மனுக்களைப் பார்க்கிறார்கள். உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பை அறிக்கையிலேயே பதிவு செய்யலாம்.

இதனால் என்ன பயன் என்பவர்களுக்கு 1996-ஐச் சொல்கிறேன். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 81-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவை அந்த ஆண்டு செப்டம்பரில் தேவகவுடா அரசு கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழு அதை ஆராய்ந்தது. மூன்று இடங்களுக்கும் குறைவாக உள்ள மாநிலங்களை மசோதா விட்டுவிட்டிருந்தது. மக்களவையில் நாகாலாந்துக்கு ஒரே இடம், மிசோரத்துக்கும் ஒன்று, மணிப்பூருக்கு இரண்டு. அந்த மண்ணின் பெண்களுக்கு அந்தச் சட்டத்தால் மக்களவையில் ஒரு பயனும் இருந்திருக்காது! அவர்களையும் சேருங்கள் என்றது குழு. மாநிலங்களவையிலும் மேலவைகளிலும் ஒதுக்கீடு வேண்டும் என்றது. பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களைப் பற்றியும் பேசியது. இப்படி ஏழு பரிந்துரைகள். 2008-இல் வந்த மசோதாவில் அவற்றில் ஐந்து இடம்பெற்றன. அந்த மசோதாவையும் ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு ஆராய்ந்து, 2009 டிசம்பரில் அறிக்கை தந்தது.

2023-இல் என்ன நடந்தது? செப்டம்பர் 19-இல் பெண்கள் ஒதுக்கீட்டு மசோதா மீண்டும் அறிமுகம். 21-ஆம் தேதிக்குள் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. 27 ஆண்டுக் காத்திருப்பு முடிந்ததே என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு என்ற நிபந்தனை அதில் புதிதாக வந்து உட்கார்ந்ததே! அது ஏன், எத்தனை காலம் பிடிக்கும் என்று அதிகாரிகளை அழைத்துக் கேட்க ஒரு குழுவும் இல்லை.

குழுவுக்கு அனுப்பினால் இழுத்தடிப்பார்கள் என்கிறார்கள். கீதா முகர்ஜி குழு மூன்றே மாதத்தில் அறிக்கை கொடுத்தது! குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனாலும் ஏற்காத பரிந்துரைக்கு அரசு அவையில் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி வருகிறது, அல்லவா?

அரசியல் சட்டத்தைத் திருத்தும் மசோதா குழுவுக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை. அதை இரு அவைகளின் நடைமுறை விதிகளிலும் சேர்க்கக் கோரி இந்த மன்றம் இன்றே தீர்மானம் நிறைவேற்றி, நம் தொகுதி உறுப்பினர் கையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.