பட்டறையைப் பிரிந்த பயிற்சி

மாநில அரசு சில தொழில்களை மட்டும் தேர்ந்து, நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் கொடுத்து வளர்ப்பதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் வேலைவாய்ப்பு. அதிலும் பட்டப்படிப்பு தேவைப்படாத, ஆனால் பள்ளிப் படிப்பு மட்டும் போதாத வேலைகள்: ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன், சி.என்.சி. ஆபரேட்டர். தினக்கூலிக் குடும்பத்தை மாதச் சம்பளக் குடும்பமாக்குபவை இவையே. இம்மாநாட்டின் பொருளும் இதுதான்.

இதற்கான அமைப்புகள் அவையோர் அறிந்தவை. 1965இல் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ, 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ, 1971இல் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட். 2019 முதல் மின்வாகனம், வான்வெளி, காலணி, செமிகண்டக்டர் எனத் துறைவாரிக் கொள்கைகள். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குத் தேர்ந்த ஐந்து ஊர்களில் மதுரை இல்லை என்பதும் புதிய செய்தியன்று.

இவ்வளவுக்கும் முன்னோடியான முயற்சி ஒன்று ஆய்வுகளில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அடுத்து குரோம் முறையில் தோல் பதனிட்டு, கவலையில் நீர் இறைக்கும் பைகள் செய்வித்தார். சேலத்தில் கைத்தறிக் கூடம் அமைத்தார். மூன்றும் அரசு தேர்ந்த தொழில்கள்; மூன்றிலும் வேலை நடந்த இடமே வேலை கற்ற இடம். அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மோர்லி, அரசுப் பணம் பயிற்சியோடும் செய்முறை விளக்கத்தோடும் நிற்க வேண்டும், தொழில் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டார்.

சென்னை மாகாணத் தொழில் வரலாற்றை எழுதியவர்கள் பலர் இதை அரசுக்கும் தனியாருக்கும் நடந்த வழக்காகவே படித்தார்கள். அந்த வாசிப்புக்கு ஆதாரம் உண்டு. அதை நிலைநாட்டியவர்களின் உழைப்பும் மதிப்புக்குரியது. ஆனாலும் உத்தரவின் பெரிய விளைவு அவர்கள் கண்ணில் படவில்லை. பயிற்சி ஒரு பக்கமும் பட்டறை மறுபக்கமும் போனது அன்றுதான். சாட்டர்டனும் உறுப்பினராக இருந்த இந்தியத் தொழில் ஆணையம், 1918 அறிக்கையில் இதைச் சரிசெய்ய முயன்றது. இயந்திரத் தொழிலுக்கு வருபவன் ஓடும் பட்டறையில் பயில வேண்டும், வகுப்பு அதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அறிக்கையிலிருந்து, இன்னோர் உறுப்பினரான மதன் மோகன் மாளவியாவின் மாற்றுக் குறிப்பை எடுத்துக்காட்டுவோர் பலர். பட்டறைப் பயிற்சி பற்றிய பகுதியைத் தொடுவோர் மிகச் சிலர்.

பிரிவினை இன்னும் தீரவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழிலாளர் நலத் துறையின் கீழ், பாலிடெக்னிக்குகள் உயர்கல்வியின் கீழ், சிப்காட் தொழில் துறையின் கீழ், மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டையை நடத்தும் சிட்கோ சிறு தொழில் துறையின் கீழ். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு டாட்டா டெக்னாலஜீஸ் வழியாக நவீன இயந்திரங்கள் வந்ததை வரவேற்க வேண்டும். ஆனால் லேத்தில் கடைந்த தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் சரக்கு திரும்பி வரும் என்று பதறுகிற பழக்கம், வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் இடத்தில்தான் வரும்.

சலுகையே தொழிலைக் கொண்டுவந்தது என்போருக்கும் இங்கே மறுமொழி உண்டு. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது, பாடியிலும் அம்பத்தூரிலும் 1960கள் முதல் பழகிய கைகள் காத்திருந்தன. அந்த உதிரிபாகத் தொழிலின் பெரும்பகுதியை வளர்த்த டி.வி.எஸ். குழுமத்தின் வேர் மதுரையில் இருக்கிறது. 2014 தொழிற்கொள்கை தென்மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகை அறிவித்தும் அதுபோன்ற பெருந்தொழில் இங்கே திரளவில்லை. சலுகை கூடியது, கை கூடவில்லை.

1936 முதல் தியாகராஜர் மில் ஓடிய கப்பலூருக்குத் தொழில் புதிதன்று. அங்கே பட்டறையில் பயிற்சி தருவதற்குத் தடை சட்டத்தில் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் விருப்பம். சிறு பட்டறைகள் பெரும்பாலும் இந்த விருப்பக் கணக்கில் விழுகின்றன. ஒரு பட்டறையால் தனியாக முடியாததைப் பேட்டை முழுவதும் சேர்ந்து செய்யலாம்: சிட்கோவே பழகுநர்களைப் பதிவு செய்து, உதவித்தொகையை அரசு ஏற்று, பையன்களையும் பெண்களையும் பட்டறை பட்டறையாக மாற்றி அனுப்ப வேண்டும். அரசு அடுத்த துறைக் கொள்கையை எழுதுமுன் இதைக் கப்பலூரில் தொடங்க வேண்டும் என்பதே இம்மாநாட்டின் முதல் தீர்மானமாக அமையட்டும்.