வகுப்பறையின் அளவும் உழைப்பாளர் பிள்ளைகளும்
(அதியன்னூரில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



அப்போது நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற தலித் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். அன்று போராட்டம் வகுப்புக்குள் நுழைவதற்காக. நுழைந்த பிள்ளைகளுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பது இன்றைய கேள்வி.

2020 தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் 3,000 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்டிருப்பதை இலக்காக்குகிறது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற இடத்திலோ, விகிதம் மிக அதிகமாக இருக்கலாகாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது! மாணவர்க்கு எண் உண்டு, ஆசிரியர்க்கு இல்லை.

இதன் விளைவைக் கணக்கிடுவது எளிது. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணிநேரம் கற்பிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. வகுப்பில் 120 பேர் எனில், ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் வைத்தாலும், திருத்துவதற்கு மட்டும் 20 மணிநேரம் ஆகும். ஆகவே கட்டுரை போய், விடையைத் தேர்ந்தெடுக்கும் வினா வருகிறது. மாணவர் வாதிட்டு எழுதப் பழகுவதே இல்லை.

வசதி படைத்தவர் இக்குறையைத் தனிப்பயிற்சியால் ஈடுசெய்துகொள்வர். பாறசாலையில் தமிழ்வழி படித்து, கல்லூரியில் ஆங்கில விரிவுரை கேட்கும் கூலித் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள்? அவளுக்குப் புரியவில்லை என்பதை அறிய ஆசிரியருக்கு அவள் முகமாவது தெரிந்திருக்க வேண்டும்.

எனவே புதிய இடங்களைக் கோரும்போதே, அவற்றுக்கேற்ற நிரந்தர ஆசிரியர் பணியிடங்களையும் மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்தே கோர வேண்டும்.