பழுது பார்த்தபின் வந்த பழுது

நன்றாய் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்ச் சைக்கிள், கழற்றித் துப்புரவு செய்து பூட்டியபின் முன்னிலும் மோசமாக ஓடுவதுண்டு. இதற்குச் சாட்சி கூற எனக்கு உரிமையுண்டு. அக்குற்றத்தைச் செய்தவன் நானே.

எங்கள் தெருவில் மீன் விற்பவர் ஒருவரிடம் ஹொண்டா சீ.ஜி. 125 வண்டியொன்று இருக்கிறது. 1976 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய வகை அது. வால்வுகளைத் தள்ளுகோல்கள் இயக்கும் எளிய எஞ்சின். அந்த எளிமையை நம்பி, ஒரு ஞாயிறு பிற்பகல், "நானே பார்த்துத் தாறன், அண்ணை" என்று வாங்கிக்கொண்டேன். காபரேற்றரைக் கழுவினேன், வால்வு இடைவெளியைத் திருத்தினேன், பிளக்கைத் துடைத்தேன். மாலையில் உதைத்ததும் எஞ்சின் கிளம்பிற்று. ஆனால் அக்சிலேற்றரை விட்டபின்னும் வேகம் இறங்க மறுத்தது. இறங்கியதும் இருமி நின்றது. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கடற்கரையில் நிற்கவேண்டும். தவறினால் அன்றைய வியாபாரம் இல்லை.

பதற்றத்தில், கலவைத் திருகாணியை இங்குமங்கும் திருப்பினேன். அது முன்பு எத்தனை சுற்றில் இருந்ததென்று குறித்து வைக்கவுமில்லை! ஒரு குற்றம் இரண்டாயிற்று.

பின்னர்தான் அறிவு வந்தது. காலையில் நன்றாக ஓடிய வண்டி இது; ஆகவே என் கை பட்ட இடத்திலேயே குறை இருக்கவேண்டும். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். அது சரியாகவே இருந்தது. வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியபின்பே அளக்கவேண்டும், இவ்வண்டிக்கு 0.08 மில்லிமீற்றர். காத்திருந்து அளந்தேன்; அதுவும் சரி. வால்வு சிறிது தட்டினால் அஞ்சுவோர் பலர். இடைவெளியே இல்லாத வால்வு சத்தமின்றி எரிந்துபோகும், அதற்கன்றோ அஞ்சவேண்டும்?

எஞ்சியது காபரேற்றர். சோக்கை இழுத்துப் பார்த்தேன், இருமல் அடங்கிற்று. சோக் காற்றைக் குறைப்பது; காற்றைக் குறைக்கக் குணமாயின், வேண்டாத காற்று எங்கோ நுழைகிறது. காபரேற்றர் எஞ்சினோடு பொருந்தும் மூட்டில் சிறிது தண்ணீரைத் தெளித்தேன். உடனே எஞ்சினின் குரல் மாறிற்று. கழற்றினால், தட்டையாகிப்போன பழைய இறப்பர் வளையம் தன் பள்ளத்தைவிட்டு விலகி நசுங்கிக் கிடந்தது. புதிது போடாமல் சிக்கனம் பார்த்தவன் நான். மூட்டை இன்னும் இறுக்கினால் ஒழுக்கு நிற்குமென்று சிலர் எண்ணுவர். விளிம்பு வளைந்து ஒழுக்கு நிலையாகிவிடும்.

இரவு ஒன்பது மணிக்கு உதிரிப்பாகக் கடைக்காரரின் வீட்டுப் படலையைத் தட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து கடையைத் திறந்தார். புதிய வளையத்தைப் பள்ளத்திற் பதித்து, இரு பக்கமும் மாறிமாறிச் சமமாக இறுக்கினேன். கலவைத் திருகாணியை மெல்ல முழுதும் உள்ளே திருகி, கைநூல் கூறும் சுற்றளவுக்கு வெளியே எடுத்தேன். எஞ்சின் சூடேறியபின், சோக்கின்றி அமைதியாக நின்று ஓடிற்று.

அதிகாலையில் அவர் வந்து மீன்பெட்டியைக் கட்டினார். "ராத்திரி முழுக்கச் சத்தம் கேட்டுதே, தம்பி?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.