தென்காசியும் தலைநகர்ப் பட்டமும்



ஊர்களுக்குப் பட்டஞ்சூட்டும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. கிரேக்க நாட்டுப் பண்பாட்டமைச்சர் மெலினா மெர்க்கூரியின் முயற்சியால், 1985இல் ஏதென்சு நகரைத் தொடக்கமாகக் கொண்டு, ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றன. சாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு 2022-23ஆம் ஆண்டிற்கு வாரணாசியைச் சுற்றுலா, பண்பாட்டுத் தலைநகராக அறிவித்தது. வடகாசிக்குக் கிடைத்த பட்டம் தென்காசிக்கு ஏன் கிடைத்தலாகாது? கேள்வி நேரியதே. ஆயினும் அதற்கு முந்திய கேள்வியொன்று உண்டு: பட்டம் எதற்கு?

செருமனியின் எசன் நகர் 2010இல் அப்பட்டத்தைத் தனக்கென்று மட்டும் பெறவில்லை. நிலக்கரித் தொழில் நலிந்த உரூர் நிலப்பகுதியின் 53 ஊர்களுக்குமாகச் சேர்த்தே பெற்றது. மூடிய சுரங்கத்தின் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கிற்று. ஓர் ஊர் தனித்து நின்று தலைநகராவதில்லை. தன்னைச் சூழ்ந்த நிலத்தோடும் மக்களோடும் சேர்ந்தே ஆகின்றது.

இவ்வளவுகோலால் 2019இல் தனி மாவட்டமான தென்காசி நிலத்தை அளந்து பார்க்க! குற்றாலத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பாடினார். ஆடலரசனுக்குரிய ஐந்து அம்பலங்களுள் ஓவியத்தால் ஆகிய சித்திர அம்பலம் அங்கே நிற்கின்றது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், மலைக்குறத்தி ஒருத்தியின் வாயால் அம்மலையின் வளத்தையெல்லாம் பேசவைத்தார். தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் இயற்றிய பாவலர். இரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்துக் கம்பனைச் சுவைக்கக் கற்பித்தார். செங்கோட்டையோ, தமிழ் மக்கள் போராடியதன் பயனாக, 1956 நவம்பர் முதல் நாளன்று திருவிதாங்கூர்-கொச்சியினின்று தாய்நிலத்தோடு இணைந்தது. இத்துணை வளமும் சில கல் தொலைவிற்குள்!

ஆனால், சாரற்காலத்தில் அருவியாடித் திரும்பும் மக்களுள் சித்திர அம்பலத்தின் வாயிலை மிதிப்பவர் எத்தனை பேர்? கோயிற் கல்வெட்டின் ஒரு வரியையேனும் படிக்க வல்ல மாணவர் எத்தனை பேர்? ஊர்ப்பெயரின் நிலை என்ன? வெள்ளையன் நாவிற்கேற்ப வளைந்த 'கோர்ட்டலம்' இன்னும் ஆங்கில எழுத்தில் வாழ்கின்றது. ஆயிரத்திற்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழ்நாட்டரசு 2020 சூனில் ஆணையிட்டது. சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. தன் பெயரைத் தன் ஒலிப்பில் எழுதிக்கொள்ள இயலாத ஊர் எதற்குத் தலைநகர்?

ஆகவே பட்டத்திற்கு முன் பணி வேண்டும். தமிழ்நாட்டரசு ஆண்டுக்கோர் ஊரைத் தமிழ்ப் பண்பாட்டுத் தலைநகராகத் தேரும் முறையைத் தொடங்கட்டும். அதற்குப் போட்டியிடும் ஊர், பெயர்ப்பலகையிலும் கடைத்தெருவிலும் தமிழை முதலில் நிறுத்தட்டும். கல்வெட்டுகளை இன்றைய எழுத்தில் பெயர்த்து அருகிலேயே வைக்கட்டும். ஓவியங்களை உரிய வல்லுநரைக்கொண்டு காக்கட்டும். கோயிலில் தமிழ் வழிபாட்டை ஓங்கச் செய்யட்டும். குறவஞ்சியை அவ்வூர்ப் பிள்ளைகளே ஆடட்டும். இவை நிறைவேறிய பின்னர்ப் பட்டம் வரின் வருக. வாராதொழியினும் ஊருக்கு இழப்பில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதனைப் பேணிக் காப்பவர் எவராயினும் அவரடி பணிவதாகக் கல்லில் வெட்டுவித்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. முடிமன்னனே பணிந்த அந்தப் 'பின்னாளார்' யார்? இங்குக் கூடியிருக்கும் தமிழரேயன்றோ? அயலார் தரும் பட்டம் ஓராண்டிற்கே. அரசன் தந்த அந்தப் பெருமையோ காக்குந்தோறும் நிலைப்பது. அதற்குத் தகுதியாக எழுக தமிழினம்!

வாழ்க தமிழ்!