பழைய பிக்கப் வண்டியிற் காற்றுக் கசிவைக் கண்டறிதல்

(கற்பிட்டிப் பகுதிக் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரை விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்ததை வாடாமற் சந்தைக்குச் சேர்த்தலும் வேண்டும். 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே மிளகாயையும் வெங்காயத்தையும் நுரைச்சோலைக்கோ தம்புள்ளைக்கோ கொண்டு செல்லப் பழைய பெற்றோல் பிக்கப் வண்டியையே நம்பியிருப்போர் நம்மிற் பலர். அவ்வண்டிக்கு நேரும் ஒரு நோயைப் பற்றி இன்று கூறுகிறேன்.

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சு குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பினும், அது நீரை விட்டுக் காற்றையே இழுக்கும். வண்டியின் எஞ்சினும் அத்தகையதே. காபரேற்றர், நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோலைக் கலந்து கொடுக்கின்றது. அதற்கு அப்பால் வேறு வழியாகக் காற்றுப் புகுந்தால் கலவை நீர்த்துவிடும்.

இதன் அறிகுறிகள் யாவை? வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்கும், அல்லது அளவுக்கு மீறி வேகமாக ஓடும்; சில வேளை அணைந்துவிடும். காபரேற்றரிலிருந்து வெடியோசை எழலாம். வேகத்தைக் கூட்டினால் குறை மறைவது போலத் தோன்றும். உறிஞ்சும் விசை ஆறுதலான ஓட்டத்திலேயே மிகுதியாதலால், கசிவும் அப்பொழுதே வெளிப்படுகின்றது.

நானும் ஒருமுறை இதனை உணராது, காபரேற்றரின் திருகாணிகளை மாற்றி மாற்றித் திருகினேன். பெற்றோல் வீணாயிற்று, மிளகாய் மூடைகளுடன் வண்டி பாலாவி வீதியில் நின்றது. வெடித்த சிறு இறப்பர்க் குழாயே காரணமெனப் பின்னரே கண்டேன். எனவே கசிவைத் தேடிய பின்னரே திருகாணியைத் தொடுக.

சோதிக்கும் முறை வருமாறு: வண்டியைத் திறந்த வெளியிற் சமதரையில் நிறுத்தி, கியரை விடுவித்து, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சால்வையைக் களைந்துவிடுங்கள், விசிறியினருகே அது ஆபத்தானது.

முதலாவதாக, எஞ்சினை நிறுத்திக் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெயிலும் வெப்பமும் இறப்பரை இறுகச் செய்யும். நமது உப்புக் காற்று கவ்விகளைத் துருப்பிடிக்கச் செய்யும். இரண்டாவதாக, எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட குழாயொன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு பொருத்தையும் தேடுங்கள். சீறும் ஓசை இடத்தைக் காட்டும். மூன்றாவதாக, குழாய்களை ஒவ்வொன்றாக நெரியுங்கள். எந்தக் குழாயை நெரிக்கையில் ஓட்டம் சீராகின்றதோ அவ்வழியே கசிவு உண்டு. நான்காவதாக, காபரேற்றரின் அடிப் பொருத்தில் சவர்க்கார நீரைத் தூரிகையாற் சிறிது தடவுங்கள். நீர் உள்ளிழுக்கப்பட்டு ஓட்டம் மாறினால் காஸ்கட் பழுதாகும். பெற்றோலை ஒருபோதும் தெளித்துச் சோதிக்கலாகாது; தீப்பற்றும்.

பிறேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் குழாயை மிகக் கவனிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மிதி கடினமாகும் வரை பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடின் பாரம் ஏற்றாது, திறமையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இதில் தாமதம் உயிருக்கே கேடாகும்.

வெடித்த குழாயை மாற்றுக. சைக்கிள் ரியூப்பைச் சுற்றுதல் பயனற்றது. எண்ணெய் பட்டால் அது ஊதி மென்மையாகும். பெற்றோல் ஆவியைத் தாங்கும் தடித்த குழாயே தகும். தளர்ந்த நட்டுகளை எஞ்சின் ஆறிய பின்னர் சிறிது சிறிதாக, சமமாக இறுக்குக.

பயிரில் நோய் கண்டால் காரணம் அறிந்த பின்னரே மருந்து தெளிக்கிறோம். வண்டிக்கும் அவ்வாறே செய்வோமாக.