நல்லதையும் சொல்வோம்



பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. துன்பம் வந்தால் உடனே ஊருக்குத் தெரிவிக்கிறோம். நன்மை வந்தால் பேசாதிருந்துவிடுகிறோம். சொன்னால் கண் பட்டுவிடும் என்னும் அச்சம் ஒருபுறம். தற்பெருமை என்று எண்ணுவார்களோ என்னும் கூச்சம் மறுபுறம்.

தந்தியை எண்ணிப் பாருங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் அச்சேவை நிறுத்தப்பட்டது. அது நடைபெற்ற காலத்தில், வாழ்த்துத் தந்திகளுக்கென்று ஆயத்த வாசகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தீபாவளி வாழ்த்தாயினும் திருமண வாழ்த்தாயினும் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். மகிழ்ச்சியைச் சொல்ல இத்தனை வசதியிருந்தும், தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றதுமே, உறையைப் பிரிக்குமுன் அழத் தொடங்கிய வீடுகள் எத்தனை! குற்றம் தந்தியினுடையதன்று. துயரச் செய்தியையே பெரும்பாலும் அதனிடம் கொடுத்தனுப்பினோம்.

கடிதங்களிலும் இதுவே கதை. 1950-ஆம் ஆண்டில் இன்லண்டு கடிதம் வந்தது. அதில் எழுத இடம் தாராளமாக இருந்தும், "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, பணம் அனுப்பிய விவரம், குழந்தையின் காய்ச்சல், விடுமுறை கிடைக்காத குறை ஆகியவற்றோடு முடித்துவிடுவோம்.

எங்கள் தந்தையார் காலமான பின், அவருடைய பெட்டியில் நாங்கள் தில்லியிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. ஒன்று மட்டும் மடிப்புகளில் கிழிந்து, கோந்து தடவி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நவராத்திரியின்போது எழுதியது அது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எங்கள் கொலுவைக் காண வந்து சுண்டல் வாங்கிச் சென்றார். அஷ்டமியன்று எங்கள் பெண்குழந்தையைத் தம் வீட்டுக்கு அழைத்து, தம் வழக்கப்படி கால் கழுவி, பூரியும் கொண்டைக்கடலையும் ஹல்வாவும் படைத்தார். அவ்வளவே செய்தி.

"இதை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினார் தெரியுமா? இதுபோல் இன்னொன்று வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்" என்றார் அன்னையார். நாங்கள் எழுதவில்லை. எழுதத்தக்க நன்மைகள் நடக்காமலா இருந்தன? சிறியவை என்று விட்டுவிட்டோம்.

நற்செய்தி வேறு, தற்பெருமை வேறு. நாம் ஈட்டியதை அளந்து காட்டுவது பெருமை; நமக்குப் பிறர் செய்த நன்மையைச் சொல்வது நன்றி. கேட்பவர் துயரத்தில் இருக்கும் வேளையில் காத்திருப்பதே பண்பு. மற்ற வேளைகளில் மௌனம் அடக்கமாகாது, அது கருமித்தனமே.

தொலைவில் உள்ள பெற்றோர்க்கு நம் பணம் மட்டும் போதாது. "பிள்ளைகள் நல்லவர் நடுவில் வாழ்கிறார்கள்" என்னும் நிம்மதி அவர்களுக்கு வேண்டும். அதை நாம் சொன்னாலன்றி அவர்கள் எங்ஙனம் அறிவர்?

இன்று தொலைபேசியில் பேசக் காசைக் கணக்கிட வேண்டியதில்லை. ஆயினும் "சாப்பிட்டீர்களா? மருந்து வாங்கினீர்களா?" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இனி ஒவ்வொரு முறையும் அன்று கண்ட நன்மை ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம். பேருந்தில் ஒருவர் இடம் கொடுத்ததாயினும் சரி, குழந்தை தமிழில் தன் பெயரை எழுதியதாயினும் சரி. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.